பரவாயில்லைக்கு எந்தப் பெட்டி

எதிர் வீட்டு சிஸ்டர் மறுபடியும் காலேஜுக்குப் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டபோது நான் ஒரு கறுப்புப் பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தைப்பதைவிடப் பிரிப்பது எரிச்சல் பிடித்த வேலை. கறுப்புத் துணி, கறுப்பு நூல், எவனோ போட்ட தையல். எங்கே ஆரம்பித்து எங்கே முடித்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். அந்த எரிச்சலில் என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

“உன் வயசுல அவங்கவங்க முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கறாங்க. நீ புத்தகப் பை வாங்கிட்டு வந்து நிக்கறே,” என்றேன்.

“தைலமும் வாங்கியாச்சு அக்கா. பைக்குள்ளதான் இருக்கு,” என்றாள் சிஸ்டர்.

எங்கள் கட்டடத்தில் அவளுக்கு வேறு பேர் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டைப் பல வருஷம் கட்டி ஆண்டவள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் கையை வெட்டிக்கொண்டாலும் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்துவிடுவார்கள். ஏறித்தான் வரவேண்டும், லிஃப்ட் ஓடாது. இதில் வேடிக்கை என்னவென்றால் சிஸ்டரின் வீட்டுக்காரரே லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டு, சாயங்காலம் கருவிப் பையைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வருவார். கேட்டால், “அது வேற கம்பெனி லிஃப்ட் அக்கா, நான் கை வைக்கக் கூடாது,” என்பார்.

படி முடிகிற இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கதவு. ஒன்று அவர்களுடையது, ஒன்று என்னுடையது. நான் தனி ஆள். வீட்டிலேயே மிஷின் போட்டு, அடுத்தவர் துணியைப் பிரித்து, பிடித்து, நீட்டி, குட்டை பண்ணிக் கொடுக்கிறேன். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துத்தான் தைப்பேன். காற்றோடு எதிர்வீட்டுப் பேச்சும் வரும். வந்தால் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா?

“அப்படி என்னம்மா படிப்பு அது?”

“வைத்தியத்துக்கு உதவற கம்ப்யூட்டர் படிப்பு அக்கா. ரெண்டு வருஷம். லீவு கொடுத்துட்டாங்க.”

“ஊசி போடறவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?”

என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். வார்டில் புதிதாகக் கட்டிலுக்கு ஒரு மிஷின் வைத்தார்களாம். நோயாளிக்கு மூச்சு நின்றாலும் கத்தும், நோயாளி ஒருக்களித்துப் படுத்தாலும் அதே கத்தல்தான் கத்தும். ஒரு வாரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. “ஒரு நாள் ஆத்திரம் வந்து, இதைச் செஞ்சவன் ஒரு வேளையாவது வார்டுல நின்னிருந்தா இப்படிச் செஞ்சிருப்பானான்னு மிஷினைப் பாத்துத் திட்டிட்டேன். பக்கத்துல பெரிய டாக்டர். ‘வார்டுல நின்னவங்க யாரும் செய்யப் போகலையே சிஸ்டர்’னு சொல்லிட்டுப் போயிட்டார். அது மனசுல தைச்சிடுச்சு அக்கா.”

தைப்பதைப் பற்றி எனக்கே சொல்கிறாள். நான் பேண்ட்டைப் பிரிக்கிற வேலையைப் பார்த்தேன்.

அவள் மகளும் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். நான் அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது அவள்தான். சாயங்காலம் ஒரே மேஜையில் அம்மா ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம். நடுவில் ரொட்டித் தட்டு, அவித்த முட்டை.

“அம்மா, நீ ஃபெயிலானா உங்க வீட்ல இருந்து யாரைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்க?”

“உன்னைத்தான்.”

“வந்து என்ன சொல்லணும்?”

“வீட்ல நல்லாத்தான் படிக்கறாங்க சார், ஞாபகம்தான் நிக்கறதில்லன்னு சொல்லு.”

பாம்புப் பேர் வைத்த ஒரு பாஷையில் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமாம். ஒரு புள்ளி இடம் மாறினாலும் சிவப்பு எழுத்தில் திட்டுமாம். ஒரு வார்டையே நடுங்க வைத்தவள் அந்தச் சிவப்பு எழுத்துக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதை நான் திறந்த கதவு வழியாகப் பார்ப்பேன். பாவமாகவும் இருக்கும், நமக்கெதற்கு வம்பு என்றும் இருக்கும். படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், “படிப்பு எப்படிப் போகுது சிஸ்டர்?”

“பரவாயில்லை,” என்பாள்.

இரண்டாம் வருஷம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் லிஃப்ட்காரர் தனியாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அவருடைய கம்பெனிச் சட்டைகள். தலை வழியாகப் போடுகிற மாதிரிச் சட்டை. முன்பக்கம் முழுக்கப் பிரித்துப் பொத்தான் வைக்க வேண்டும், கை நுழைகிற இடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றார்.

“எவ்வளவு பெருசா?”

“எவ்வளவு முடியுமோ அவ்வளவு.”

அளவு நாடாவை எடுத்தேன். வேண்டாம் என்று பின்னால் நகர்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உடம்பு போட்டுட்டீங்க தம்பி. சொல்ல வெக்கமா இருக்காக்கும். அவ காலேஜுக்குப் போனா கடைச் சாப்பாடு, உடம்பு போடாம என்ன செய்யும்?”

“பரவாயில்லை அக்கா, பிரிச்சுடுங்க. அவகிட்டச் சொல்ல வேண்டாம். பரீட்சை நேரம்.”

பரீட்சைக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆம்பிளைகளுக்கு என்னென்னவோ கூச்சம். சட்டையை வாங்கி மூலையில் போட்டேன். கைக்குழியைப் பெரிதாக்க வேறு துணி ஒட்டுப் போட வேண்டும், அதே நிறத்தில் துணி கிடைக்க வேண்டும், இழுத்துக்கொண்டே போனது.

மழைக்காலம் தொடங்கியது. கட்டடமே ஈர வாடை. தைத்த துணி நமுத்துப்போய் இஸ்திரி நிற்காது. ஒரு மத்தியானம் சிஸ்டர் காதில் மாட்டுகிற ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து என் கட்டிலில் விழுந்தாள்.

“டீ குடிக்கறியா?”

“பரவாயில்லைக்கா.”

“வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லு.”

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “பாத்தீங்களா? இதுதான் அக்கா என் உயிரை எடுக்குது.”

டீ போட்டுக்கொண்டே கேட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குப் போன நோயாளிகளுக்குச் சில நாள் கழித்துப் போன் செய்து ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்பார்களாம். அந்தப் பேச்செல்லாம் பதிவாகி இருக்கிறது. அதில் யாரைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கப் பழக்க வேண்டும். அதற்கு முதலில் மனுஷர்கள் காதால் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியில் போட வேண்டும். மூன்றே பெட்டி. ‘தேறுகிறார்’, ‘அப்படியே இருக்கிறார்’, ‘மோசமாகிறார்’. அதைப் பார்த்துத்தான் மிஷின் படிக்கும்.

“வலி அதிகமாயிடுச்சுன்னா மோசம். நடக்கறேன், சாப்பிடறேன்னா தேறுது. அதெல்லாம் சுலபம். ஆனா பாதிப் பேர் என்ன சொல்றாங்க தெரியுமா? எப்படி இருக்கீங்கன்னா, பரவாயில்லை. அவ்வளவுதான். இதை எதுல போடறது?”

“போட்டுக் காட்டு, நான் சொல்றேன்.”

“அது முடியாதுக்கா. எங்களை நம்பிச் சொன்னது. பேரை எடுத்துட்டாலும் குரல் குரல்தானே.” கொஞ்சம் யோசித்தாள். “வேணும்னா நான் சொல்லிக் காட்டறேன்.”

சொல்லிக் காட்டினாள். வேகமாக ஒன்று, இழுத்து ஒன்று, பெருமூச்சோடு ஒன்று. நான் தையலை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

“இது காலை மிதிச்சவன் மன்னிச்சுக்கங்கன்னா சொல்றது. இது குழம்புல உப்பு கம்மின்னா சொல்றது. இது, பொண்ணு எப்படின்னு கேட்டா மாப்பிள்ளை வீட்டார் சொல்றது.”

“பெட்டி சொல்லுங்கக்கா.”

“மறுபடி சொல்லு. பரவாயில்லையேன்னு ஒரு ஏகாரம் போட்டா பாராட்டு. அதை வேற கேட்டியா?”

“யாரும் நோய்ல ஏகாரம் போடலை.”

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே தலை சுற்றியது. வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை. நல்லா இருக்கு என்றும் அதுதான், நல்லா இல்லை என்றும் அதுதான், வேண்டாம் என்றும் அதுதான், விட்டுத்தொலை என்றும் அதுதான். இப்படி ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படிக் குடித்தனம் நடத்தினோம் என்று தெரியவில்லை.

சிஸ்டர் ஒருத்தி மட்டும் பெட்டியில் போட்டால் போதாது. அதே பேச்சுகளைக் கூடப் படிக்கிற இன்னொரு பெண்ணும் தனியாகக் கேட்டுப் போட வேண்டும். எந்நேரமும் காதில் பாட்டோடு திரிகிறதால் சிஸ்டர் அவளை ஹெட்போன் பொண்ணு என்பாள். அந்தப் பொண்ணு முதலில் சிஸ்டரை ஆன்ட்டி என்றது, முறைத்ததில் மேடமாகி, இப்போது சிஸ்டரில் வந்து நிற்கிறது. இரண்டு பேருக்கும் மற்ற எல்லாம் ஒத்துப்போனது. பரவாயில்லையில் மட்டும் ஏழாம் பொருத்தம். சிஸ்டர் எல்லாப் பரவாயில்லையையும் ‘தேறுகிறார்’ பெட்டியில் போட்டாள். அந்தப் பொண்ணு எல்லாவற்றையும் ‘அப்படியே இருக்கிறார்’ பெட்டியில் போட்டது.

அடுத்த வாரம் காலேஜில் இருந்து வந்தவள் தன் வீட்டுக் கதவைக்கூடத் திறக்காமல் நேரே என்னிடம் வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. அவளுக்குப் பாடம் சொல்கிற வாத்தியார் அவளைவிட வயதில் சின்னவர், சின்ன சார் என்பாள். அவர் அந்த நோயாளிகளுக்கு அப்புறம் என்ன ஆனது என்ற விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். சிஸ்டர் ‘தேறுகிறார்’ என்று போட்ட நிறையப் பேர் அந்த வாரமே திரும்ப ஆஸ்பத்திரியில் வந்து படுத்திருக்கிறார்கள்.

“அவர் கோபமாக்கூடச் சொல்லலை அக்கா. ‘நீங்க அனுபவசாலி சிஸ்டர், நீங்க பெட்டிக்குப் போடற லேபிளைத்தான் மிஷின் நம்பும், அதான் யோசனையா இருக்கு’ன்னார். எனக்கு எதுவும் விளங்கலை. வார்டுல காலையில எப்படி இருக்குன்னு கேப்பேன், பரவாயில்லைன்னா தேறிட்டார்னு எழுதுவேன். அங்க அது தப்பாப் போகலையே. அங்க சரியா இருந்தது இங்க எப்படித் தப்பாகும்? இல்ல, அங்கயும் தப்பாத்தான் எழுதிட்டிருந்தேனா?”

எனக்கென்ன தெரியும். ரொட்டியை நீட்டினேன். கையில் வாங்கிச் சாப்பிடாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழப்பம் தீருவதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கெல்லாம் மேலே இருக்கிற மேட்ரன் போன் செய்தார். அங்கே தலைமை சிஸ்டர் ஓய்வு பெறுகிறாராம். அந்த நாற்காலி உனக்குத்தான், படிப்பை விட்டுவிட்டு மாசக் கடைசிக்குள் வந்து சேர், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றாராம். வார்டில் நிற்கிற எவளுக்கும் அந்த நாற்காலிதான் கனவு. சிஸ்டர் சந்தோஷப்படவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் வாசலில் குனிந்து இடது கையால் ஷூ கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். எனக்கும் கேட்டது.

“ஏங்க, நான் திரும்ப வேலைக்கே போயிடட்டுமா?”

“உன் இஷ்டம்.”

“என் இஷ்டம் இருக்கட்டும். நான் இப்படிப் படிச்சிட்டிருக்கறது உங்களுக்குச் சிரமமா இருக்கா?”

“பரவாயில்லை.”

அவர் உள்ளே போய்விட்டார். சிஸ்டர் அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள். “அக்கா, இது எந்தப் பெட்டி?” என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் சில நாள் அவள் அந்தப் பதிவுகளையே திரும்பத் திரும்பக் கேட்டாள். காதில் ஹெட்போனோடுதான் கிழங்கு உரிப்பாள், துணி மடிப்பாள். வீட்டுக்காரர் ஏதாவது சொன்னால் ஒரு காதை மட்டும் விலக்கி “என்ன?” என்பாள். “ஒண்ணுமில்ல” என்பார் அவர். ஒரு மாலை படிக்கட்டு ஜன்னல் சாரலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். என்னமோ கண்டுபிடித்த முகம்.

“அக்கா, ஒரு போன்ல, எப்படி இருக்கீங்கன்னு கேட்டவளோட பேனா எழுதலை. கேக்கறா, அவர் பரவாயில்லைங்கறார். எப்பவும் அதோட ‘சரிங்க, நல்லது’ன்னு வச்சிடுவாங்க. இவ பேனாவைத் தேடறா. டிராயர் திறக்கற சத்தம் கேக்குது. ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அந்தப் பெரியவர் தானாச் சொல்றார், ‘ரெண்டு நாளா சோறு இறங்கலைம்மா’ன்னு.”

“அப்புறம்?”

“அந்த மாதிரி எங்கெல்லாம் போனை வைக்கத் தாமதமாச்சோ அதையெல்லாம் தேடிக் கேட்டேன். தும்மல் வந்து நின்னது, பக்கத்துல யாரோ கூப்பிட்டு நின்னது. எல்லாத்துலயும் பரவாயில்லைக்கு அப்புறம் ஏதாவது ஒண்ணு வருது. நாம வச்சிடறோம் அக்கா. அவங்க இன்னும் சொல்லி முடிக்கலை.” கொஞ்ச நேரம் துண்டின் ஓரத்தை முறுக்கினாள். “வார்டுல நான் கேக்கறப்ப என் கை அவங்க நெத்தியில இருக்கும். கண்ணு சாப்பாட்டுத் தட்டுல இருக்கும். அங்க நான் காதை வச்சா எழுதினேன்?”

“அப்ப புரிஞ்சிடுச்சா?”

“இல்லக்கா. இதை எப்படி மிஷினுக்குச் சொல்றதுன்னு தெரியலை. இப்ப முன்னைவிடக் குழப்பமா இருக்கு.”

பேச்சை மாற்றலாம் என்று, தைத்து முடித்திருந்த சட்டைகளை மேஜை மேல் அடுக்கினேன். என் புத்தியை என்ன சொல்ல, யார் சட்டை என்பதே அந்த நேரம் மறந்துவிட்டது. அவள் ஒன்றை எடுத்து உதறினாள். கைக்குழிக்குள் அவள் தலையே நுழையும்.

“இது எங்க வீட்டுச் சட்டையாச்சே. என்னக்கா இது, யானைக்குத் தைச்ச மாதிரி?”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. “உன் வீட்டுக்காரர்தான் கொடுத்தார். உடம்பு போட்டுட்டார் போல. உன்கிட்டச் சொல்லக் கூச்சம்.”

“அவர் எங்க அக்கா உடம்பு போட்டார்? பெல்ட்டுல உள்பக்கமா புது ஓட்டை போட்டிருக்கார்.”

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். பெல்ட்டின் ஓட்டையைத் தினமும் பார்த்திருக்கிறாள். நானும் அந்தச் சட்டையோடு எத்தனை நாள் மாரடித்திருக்கிறேன், அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போது படியில் ஈர ஷூ சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் கருவிப் பையோடு ஏறி வந்து, என் கதவில் நின்று, மனைவியையும் அவள் கையில் இருந்த சட்டையையும் பார்த்தார்.

“என்னங்க ஆச்சு சட்டைக்கு?” என்றாள் சிஸ்டர்.

“பரவாயில்லை விடு. கொஞ்சம் இறுக்கமா இருந்தது.”

சிஸ்டர் அவரையே பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், அவள் என்னைப் பார்க்காமலே கையை நீட்டி நிறுத்தினாள். பேசக்கூடாது என்றால் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இந்தக் கட்டடத்துக்கே தெரியும். மழை படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெறித்தது. லிஃப்ட்காரர் பையை இடது தோளில் இருந்து இறக்கிக் கீழே வைத்தார். குடையைச் சுவரில் சாத்தினார். அது வழுக்கி விழுந்தது. குனிந்து மறுபடி சாத்தினார். சிஸ்டர் அசையாமல் இருந்தாள்.

“கை மேல போகலை,” என்றார்.

அவள் கையில் இருந்த சட்டையைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொன்னார்.

“வலது கை. தோளுக்கு மேல தூக்க முடியலை. காலையில சட்டையில நுழைக்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடுது. எனக்குப் பதிலா கூட வேலை பாக்கற பையன்தான் மேல ஏறி வேலை செய்யறான். நான் கீழ நின்னு டார்ச் அடிக்கறேன். கொஞ்ச நாளா இப்படித்தான் ஓடுது.”

சிஸ்டர் கிட்டப் போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். மெல்லத் தூக்கினாள். ஓர் உயரத்துக்கு மேல் கை போகவில்லை, அவர் பல்லைக் கடித்தார். தோளைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தாள். குரல் வார்டுக் குரலாக மாறிவிட்டது. “தண்ணி நிறையக் குடிக்கறீங்களா? ராத்திரி எழுந்து எழுந்து போறீங்களே, அதுக்குத்தானா? தோள் இறுகிப்போயிருக்கு. சுகர் இருந்தா இப்படி வரும். நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் பாத்துடணும். பயப்பட ஒண்ணுமில்ல, பயிற்சி கொடுத்தா இளகிடும்.”

அவ்வளவும் சொல்லிவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததில்லை.

“ஒரு வார்டையே பாத்தவ நான். எவன் எவனோ சொன்ன பரவாயில்லையை உக்காந்து கேக்கறேன். வீட்ல சொன்னது காதுல விழலை. போதுங்க. நாளைக்கே மேட்ரனுக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லிடறேன். உங்க உடம்பைவிட இந்தப் படிப்பு பெருசில்ல.”

நியாயம்தானே என்று நினைத்தேன். ஆனால் லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தும் நான் பார்த்ததில்லை.

“என் தோளுக்காக நீ எதையும் விட வேண்டாம்.”

“பின்ன யாருக்காக?”

“அதைத்தான் நான் கேக்கறேன். படிப்பு எப்படிப் போகுது?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லு. படிப்பு எப்படிப் போகுது?”

“பரவாயில்லை,” என்றாள் சிஸ்டர்.

அவர் மிஷின் பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர் மாதிரி இருந்தார். எதிர் வீட்டு வாசலில் பாப்பா வந்து நின்றதைப் பார்த்தேன், சைகை காட்டினேன், அவளும் அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஒண்ணும் புரியலைங்க,” என்றாள் சிஸ்டர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைக்கத் துடைக்க வந்தது. “முதல் நாள்ல இருந்தே புரியலை. அந்தப் பசங்க சிரிக்கற இடத்துல நானும் சிரிக்கறேன், எதுக்குன்னு தெரியாது. பாப்பாவோட பழைய கணக்குப் புத்தகத்தை ஒளிச்சு வச்சுப் படிக்கறேன். எனக்குத் தெரிஞ்சது வார்டு ஒண்ணுதான். கடைசியில அதுவும் தப்புன்னு வந்துடுச்சு. நாற்காலி காலியா இருக்குன்னதும், அப்பாடா தப்பிச்சோம்னு இருந்தது. எல்லார்கிட்டயும் என்ன சொல்லிட்டு விடறதுன்னுதான் தெரியலை. ஒரு காரணம் தேடிட்டிருந்தேன்.”

“என் தோளு கிடைச்சுது,” என்றார் அவர்.

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“விடறதுன்னா விடு,” என்றார். “புரியலைன்னு சொல்லிட்டு விடு. யாரும் உன்னைத் தூக்குல போடப் போறதில்ல. ஆனா என் கையைக் காட்டி விடாத. அப்புறம் ஒவ்வொரு தடவை நான் சட்டை போடறப்பவும் உனக்கு அந்த ஞாபகம் வரும். எனக்கும் வரும்.”

பாப்பா உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்தக் கணக்குப் புத்தகத்துல பின்னாடி விடை எல்லாம் தப்பும்மா. அதை நம்பாத,” என்றாள்.

மறுநாள் ரத்தம் பார்த்தார்கள். சுகர்தான். மாத்திரையும் பயிற்சியும் ஆரம்பமானது. சாயங்காலம் எதிர்வீட்டில் லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்து நின்று, விரலால் சுவரில் நடக்கிற மாதிரிக் கையை மேலே ஏற்றுவார். வலிக்குதா என்று சிஸ்டர் கேட்பாள். பரவாயில்லை என்பார். சொன்னதும் இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். “சரி, வலிக்குது,” என்பார்.

மேட்ரனுக்கு என்ன சொல்வது என்று சிஸ்டர் கடைசி நாள் வரைக்கும் குழம்பினாள். ஒரு நாள் போகிறேன் என்பாள், மறுநாள் போகலை என்பாள். நடுவில் ஒரு நாள் வகுப்பில் கையைத் தூக்கி, “எனக்குப் புரியலை சார், முதல்ல இருந்து சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டாளாம். வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். ஹெட்போன் பொண்ணு காதோரம் குனிந்து, “எனக்கும்தான் சிஸ்டர், நீங்க கேட்டது நல்லதாப் போச்சு,” என்றதாம். பெட்டி விஷயமும் பேசியிருக்கிறாள். பரவாயில்லைக்கு நாலாவதாக ஒரு பெட்டி வேண்டும், அதன் மேல் ‘இன்னும் சொல்லி முடிக்கவில்லை’ என்று எழுத வேண்டும் என்றாளாம். சின்ன சார் தலையைச் சொறிந்துகொண்டு, “மிஷினுக்கு எப்படிக் காத்திருக்கத் தெரியும் சிஸ்டர்?” என்று கேட்டிருக்கிறார்.

“நீ என்ன சொன்னே?”

“எனக்கும் தெரியலை சார், அதைத்தான் படிக்க வந்திருக்கேன்னு சொன்னேன்.”

மாசம் முடிந்தது. நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். என்னைக் கேட்டால் பேசாமல் போய் உட்கார்ந்திருக்கலாம். அதை அவளிடமும் சொன்னேன். “எனக்கும் சில சமயம் அப்படித்தான் தோணுது அக்கா,” என்றாள். அவள் முகத்தில் தெளிவு ஒன்றும் வந்துவிடவில்லை. பாம்பு பாஷை இன்னமும் சிவப்பில் திட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நேற்றுக் காலை நான் கதவைத் திறந்து வைத்து இன்னொரு கறுப்புப் பேண்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நடையிலேயே தெரிந்தது. படியில் ஒரு கால் வைத்துவிட்டு வழக்கம்போல, “எப்படி இருக்கீங்க அக்கா?” என்றாள்.

“பரவாயில்லை,” என்றேன் நான்.

அவள் போகவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் மேலே, அப்படியே நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

“பஸ் போயிடும் சிஸ்டர்.”

அவள் வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, பையைக் கழற்றி என் கதவோரம் வைத்தாள். நான் பேண்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன், இந்தப் பக்கம் திருப்பினேன். கதவோரம் நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள். என் கை தானாக நின்றுவிட்டது.

“கண்ணு தெரியலை,” என்றேன். “ஒரு வருஷமாவே தெரியலை. கறுப்பு நூல் எங்க இருக்குன்னு விரலால தடவித்தான் பிரிக்கறேன்.”

சிஸ்டர் உள்ளே வந்து, என் கையில் இருந்த துணியை வாங்கிக் கீழே வைத்தாள்.